பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியின் பணி வாழ்க்கை, 1900–1925: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்டன் என்ற ஜெர்மன் கப்பல், ஜட்லாண்ட் கடற்போர், டிரெட்நாட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் என்று முதல் உலகப் போர்க்காலக் கடற்படை வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள், கப்பல்களைவிட ஆட்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறோம். பதில்கள் பெரும்பாலும் கப்பலைச் செலுத்திச் சண்டையிடும் நிர்வாகப் பிரிவைப் பற்றியவை. பொறியாளர், மருத்துவர், கணக்கர் பிரிவுகளுக்குத் தனிப் படிக்கட்டு உண்டு.

கேப்டன் என்றால் ராணுவ கேப்டன் மாதிரிதானே? நாற்பது வயசில்தான் கேப்டனே ஆனார் என்றால் ஆள் சுமார்தானோ?

பெயர்தான் ஒன்று, உயரம் வேறு. தரைப்படை கேப்டனுக்குச் சமமானவர் கடற்படையில் லெப்டினன்ட். கடற்படை கேப்டனோ தரைப்படைக் கர்னலுக்குச் சமம். கீழிருந்து வரிசை இது: கேடட், மிட்ஷிப்மன், சப்-லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட்-கமாண்டர், கமாண்டர், கேப்டன், ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல், எல்லாவற்றுக்கும் மேலே அட்மிரல் ஆஃப் தி ஃப்ளீட். நாற்பதுக்குள் கேப்டன் ஆனவர் நன்றாகவே முன்னேறியவர்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கப்பலுக்குப் பொறுப்பானவர் எந்தப் பதவியில் இருந்தாலும் அந்தக் கப்பலில் அவரைக் 'கேப்டன்' என்றுதான் சொல்வார்கள். சிறிய நாசகாரிக் கப்பலின் 'கேப்டன்' இருபத்தெட்டு வயது லெப்டினன்டாக இருக்கலாம். நினைவுக்குறிப்புகளில் இந்தச் சொல்லைப் பார்த்தால், கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி வெளியிட்டுவந்த 'நேவி லிஸ்ட்' பட்டியலில் உண்மையான பதவியைச் சரிபார்ப்பது நல்லது. வரிசையில் கமடோர் எங்கே என்று தேட வேண்டாம். அக்காலத்தில் அது கேப்டன் ஒருவருக்குத் தற்காலிகமாகத் தரும் பொறுப்பு. பொறுப்பு முடிந்தால் அவர் மறுபடியும் கேப்டன்தான்.

பழைய போட்டோவில் கைப்பட்டையை வைத்துப் பதவியைக் கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். சப்-லெப்டினன்டுக்கு ஒரு பொற்கோடு, லெப்டினன்டுக்கு இரண்டு, கமாண்டருக்கு மூன்று, கேப்டனுக்கு நான்கு. அட்மிரல்களுக்கு அடியில் அகலப் பட்டை, அதற்கு மேல் கோடுகள். மிட்ஷிப்மனுக்குக் கோடே கிடையாது. கழுத்துப்பட்டியில் இருக்கும் வெள்ளைத் துண்டுதான் அவருடைய அடையாளம்.

ஏமாறுவது இரண்டு இடங்களில். முதலாவது, இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு. இன்றைய கண்ணுக்கு அது லெப்டினன்ட்-கமாண்டர். ஆனால் அந்தப் பதவிப் பெயரே 1914 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முன், எட்டு ஆண்டு பணிமூப்புள்ள லெப்டினன்ட் இந்த மெல்லிய கோட்டை 1877 முதலே அணிந்துவந்தார். ஆகவே 1910 படத்தில் இரண்டரைக் கோடு இருந்தால் 'லெப்டினன்ட்' என்றே எழுத வேண்டும்.

இரண்டாவது, மேல்கோட்டில் உள்ள வளையம். அது நிர்வாகப் பிரிவின் தனி உரிமையாக இருந்தது. பொறியாளர்களுக்கு 1915-இலும் மற்றப் பிரிவுகளுக்கு 1918-இலும் கிடைத்தது. கோடுகளுக்கு நடுவே உள்ள துணியின் நிறமும் பிரிவைச் சொல்லும்: ஊதா பொறியாளர், சிவப்பு மருத்துவர், வெள்ளை கணக்கர். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது என்பதால் முதலில் வளையத்தைப் பாருங்கள். கோடுகள் அலை அலையாக இருந்தால் அவர் 1903-இல் தொடங்கிய தன்னார்வ ரிசர்வைச் சேர்ந்தவர். பின்னல் போல இருந்தால் வணிகக் கப்பலிலிருந்து வந்த ரிசர்வ் அதிகாரி.

பன்னிரண்டு வயசில் சேர்த்தார்கள் என்று படித்தேன். அச்சுப்பிழையா?

பிழையில்லை. 1902 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட செல்போர்ன்–ஃபிஷர் திட்டப்படி 12 முதல் 13 வயதுப் பையன்களை நேர்காணலும் தேர்வும் வைத்து எடுத்தார்கள். 1903 செப்டம்பரில் வைட் தீவில் ஆஸ்போர்ன் கல்லூரி திறந்தது. விக்டோரியா அரசியின் பழைய மாளிகைக் குதிரை லாயங்களையே மாற்றியமைத்திருந்தார்கள். அங்கே இரண்டு ஆண்டு, பிறகு டார்ட்மத்தில் இரண்டு ஆண்டு, பிறகு பயிற்சிக் க்ரூசரில் சில மாதம். அதற்கு முன்பு 'பிரிட்டானியா' என்ற பழைய மரக்கப்பலில் பயிற்சி நடந்தது. சேரும் வயதும் அப்போது இதைவிடக் கூடுதல்.

பள்ளிப் படிப்பை முடித்த 17½–18½ வயதினருக்கு 1913-இல் தனி வழி திறந்தது. ஆஸ்போர்ன் 1921-இல் மூடப்பட்டது. பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் ஆல்பர்ட், ஆஸ்போர்ன் இறுதித் தேர்வில் 68 பேரில் 68-ஆவது. அவரே 1916-இல் 'காலிங்வுட்' கப்பலில் ஜட்லாண்ட் போரில் இருந்தார்.

பணமில்லாத வீட்டுப் பையன் சேர முடியுமா? இந்தியர்கள்?

கஷ்டம். கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 75 பவுண்டு. நான்கு ஆண்டுக்கு 300 பவுண்டு, சீருடைச் செலவு தனி. அதிகாரிகளின் பிள்ளைகள் சிலருக்கு 40 பவுண்டாகக் குறைப்பார்கள். கல்லூரி முடிந்தாலும் தகப்பனார் கைவிட முடியாது: மிட்ஷிப்மனாக இருக்கும் வரை ஆண்டுக்கு 50 பவுண்டு வீட்டிலிருந்து வந்தாக வேண்டும். விளம்பரத்தில் 'எல்லோருக்கும் திறந்த வாசல்' என்றிருக்கும். வாசலைக் காப்பது இந்தக் கணக்கு.

சாதாரண மாலுமி அதிகாரியாவது அரிது. கன்னர், போசன் போன்ற வாரன்ட் அதிகாரி நிலையோடு பெரும்பாலோர் நின்றார்கள். 1902-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் பழுதான டார்பிடோ படகைக் காப்பாற்றியதற்காக லெப்டினன்ட் ஆக்கப்பட்ட கன்னர் தாமஸ் லைன், 1931-இல் ரியர் அட்மிரல் வரை போனார். அவர் விதிவிலக்கு. 1912-இல் 'மேட்' என்ற பதவி வழியாக இளம் மாலுமிகளுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. இந்தியர்களுக்கு ராயல் நேவியில் இந்தக் கதவு இல்லை. தனிப் படையான ராயல் இந்தியன் மரீனிலேயே முதல் இந்திய அதிகாரியாக டி. என். முகர்ஜி 1928-இல்தான் நியமனம் பெற்றார். அவரும் பொறியாளர்.

மிட்ஷிப்மன் மாணவரா, அதிகாரியா?

இரண்டும். சுமார் பதினேழு வயதில் பெரிய போர்க்கப்பலுக்கு வருவார். படகுக்குத் தலைமை தாங்கி, தன்னைவிட இருபது வயது மூத்த மாலுமிகளுக்கு ஆணையிடுவார். அதே நாள் காலையில் நேவிகேஷன் வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார். தங்குவது இளம் அதிகாரிகளின் பொது அறையான 'கன்ரூம்', தூங்குவது தொங்குதொட்டிலில், உடைமை எல்லாம் ஒரே பெட்டியில். தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். கப்பல் பார்த்த துறைமுகம், பீரங்கிப் பயிற்சி, கையால் வரைந்த வரைபடம் எல்லாம் அதில் இருக்கும். கேப்டன் அதைப் படித்துக் கையெழுத்திடுவார். இன்று ஏலத்துக்கு வரும் 'கடற்படை டைரிகள்' பல இந்தக் கட்டாய நாட்குறிப்புகளே. மனம் திறந்து எழுதியவை என்று நம்பிவிடாதீர்கள். மேலதிகாரி படிப்பார் என்று தெரிந்தே எழுதியவை அவை.

1914 ஆகஸ்ட் 1 அன்று டார்ட்மத் கேடட்களைப் படிப்பு முடியும் முன்பே கப்பல்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலர் 15, 16 வயதினர். செப்டம்பர் 22 காலையில் 'அபூகிர்', 'ஹோக்', 'க்ரெஸ்ஸி' என்ற மூன்று பழைய க்ரூசர்களை யு-9 நீர்மூழ்கி மூழ்கடித்தபோது இறந்த ஏறக்குறைய 1,450 பேரில் இந்தப் பையன்களும் இருந்தார்கள். அன்றிரவுதான் எம்டன் சென்னையைச் சுட்டது.

'ஐந்து ஃபர்ஸ்ட்' வாங்கினார் என்கிறார்களே, அது என்ன?

சப்-லெப்டினன்ட் கட்டத்தில் ஐந்து தேர்வுகள். கப்பல் கையாளும் திறனை மூத்த அதிகாரிகள் குழு கப்பலிலேயே வாய்மொழியாகச் சோதிக்கும். அடுத்து கிரீனிச் கல்லூரிப் படிப்பு, பிறகு போர்ட்ஸ்மத்தில் பீரங்கி, டார்பிடோ, வழிகாட்டல் (நேவிகேஷன்). ஒவ்வொன்றிலும் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சான்று. ஐந்திலும் முதல் வகுப்பு என்றால் லெப்டினன்ட் பதவி சீக்கிரம் வரும். சில மாதம் முந்திய தேதிதானே என்று தோன்றும். ஆனால் பின்னால் வரும் ஒவ்வொரு வரிசையும் அந்தத் தேதியிலிருந்தே எண்ணப்படும்.

இந்த மதிப்பெண்களை வைத்து ஒருவரின் எதிர்காலத்தை முடிவு செய்துவிடாதீர்கள். ஜான் ஜெல்லிகோ பிரிட்டானியாவில் முதல் மாணவர். டேவிட் பீட்டிக்கு ஐந்தில் ஒன்றான டார்பிடோவில்தான் முதல் வகுப்பு. இருவருமே போர்க்காலத்தில் பிரிட்டனின் முதன்மைப் போர்க்கப்பல் படையான கிராண்ட் ஃப்ளீட்டின் தலைமைத் தளபதியானார்கள்.

பீரங்கி, டார்பிடோ, நேவிகேஷன்: எதை எடுத்தால் மேலே போகலாம்?

சில ஆண்டு அனுபவமுள்ள லெப்டினன்ட் விரும்பினால் நீண்ட பயிற்சிக்குப் போகலாம். பீரங்கிக்கு போர்ட்ஸ்மத்தின் வேல் தீவு, டார்பிடோவுக்கு 'வெர்னன்'. அக்காலத்தில் டார்பிடோ அதிகாரிதான் கப்பலின் மின்சாரத்துக்கும் பொறுப்பு. பீரங்கிப் பிரிவுக்கே மவுசு அதிகம். ஜெல்லிகோ அதில் வளர்ந்தவர். தென்துருவம் போன ராபர்ட் ஸ்காட் டார்பிடோ லெப்டினன்ட். வழிகாட்டல் அதிகாரிகளைக் கடலில் எல்லோரும் நம்பினாலும், கரையில் வெகுகாலம் கொஞ்சம் கீழாகவே பார்த்தார்கள்.

எந்தச் சிறப்புப் பயிற்சியும் எடுக்காதவருக்கு 'உப்புக்குதிரை' என்று கேலிப்பெயர். அவருக்கும் ஒரு குறுக்குவழி உண்டு: நாசகாரிக் கப்பல். அங்கே முப்பது வயதுக்குள் சொந்தக் கப்பல் கிடைக்கும். ஆண்ட்ரூ கன்னிங்ஹாம் 1911 முதல் 1918 வரை 'ஸ்கார்ப்பியன்' என்ற ஒரே நாசகாரியின் தலைவராக இருந்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையின் உச்சப் பதவியான முதல் கடல் பிரபு ஆனவர் அவரே.

பதவி உயர்வை யார் முடிவு செய்தார்கள்? திறமையா, சிபாரிசா?

இதுதான் மொத்த விஷயத்துக்கும் சாவி. லெப்டினன்ட் வரை தேர்வும் காலமும் போதும். லெப்டினன்டிலிருந்து கமாண்டர், கமாண்டரிலிருந்து கேப்டன் என்ற இரண்டு இடங்களில் மட்டுமே தெரிவு உண்டு. ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 30-லும் டிசம்பர் 31-லும் பெயர்கள் வெளியாகும். கேப்டன் ஆகிவிட்டால் அதன்பின் வெறும் வரிசைதான். மேலே இருப்பவர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ ஒரு படி நகரலாம். அதனால் முப்பதை ஒட்டிய வயதில் லெப்டினன்டுகள் படும் பாடு பெரிது. அந்த வடிகட்டியில் நிற்காமல் போனவர் எவ்வளவு நல்ல மாலுமியானாலும் இரண்டரைக் கோட்டோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

தெரிவுக்கு அடிப்படை, கேப்டன்கள் அட்மிரால்டிக்கு அனுப்பும் ரகசிய அறிக்கை. அதிகாரிக்குக் கையில் கிடைப்பது 'ஃப்ளிம்சி' என்ற மெல்லிய தாள் மட்டுமே. 'என் முழுத் திருப்திக்கு ஏற்ப நடந்துகொண்டார்' என்ற மாதிரி ஒரு வரி அதில் இருக்கும். பெரும்பாலோருக்கும் ஏறக்குறைய அதே வரிதான். ஒரு சொல் குறைந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். சிபாரிசு வேலை செய்ததா என்றால், செய்தது. ஆனால் நேராக இல்லை. அட்மிரலின் கொடிக்கப்பலிலோ அரச படகிலோ இடம் வாங்கித் தருவதில்தான் அது வேலை செய்தது. கண்ணில் படும் இடத்தில் இருப்பவரின் அறிக்கையை நாலு பேர் படிப்பார்கள்.

அப்படியானால் பீட்டி மட்டும் எப்படி 38 வயதில் அட்மிரல்?

மேலே சொன்ன இரண்டு வடிகட்டிகளையும் போர் அவருக்காகத் திறந்துவிட்டது. சூடானில் நைல் நதிப் பீரங்கிப் படகுகளில் பணியாற்றியதற்காக 1898-இல் 27 வயதில் கமாண்டர். சீனாவில் பாக்ஸர் கலவரத்தில் காயம்பட்டு 1900-இல் 29 வயதில் கேப்டன். பிறகு எல்லோரையும் போல வரிசையில் நின்றார். வரிசையின் தலைக்கு வந்தபோது கேப்டனாகக் கடலில் கழிக்க வேண்டிய காலம் நிறைவாகவில்லை. தனி அரசாணை போட்டு 1910 ஜனவரி 1 அன்று ரியர் அட்மிரல் ஆக்கினார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்தது பலரையும் திகைக்க வைத்தது. கொடுத்த கடல் பதவியை வேண்டாம் என்று சொல்லி அரைச் சம்பளத்தில் உட்கார்ந்தார். 1912-இல் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் அவரைத் தன் கடற்படைச் செயலராக எடுக்காமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். 1913-இல் போர் க்ரூசர் அணி, 1916 நவம்பரில் கிராண்ட் ஃப்ளீட், 1919 முதல் 1927 வரை முதல் கடல் பிரபு. பதவி தானாக வரும், ஆனால் நல்ல நியமனம் தானாக வராது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சம்பளம் எவ்வளவு? குடும்பம் நடத்த முடிந்ததா?

போருக்கு முன் நாள் கணக்கில்: மிட்ஷிப்மனுக்கு 1 ஷில்லிங் 9 பென்ஸ், சப்-லெப்டினன்டுக்கு 5 ஷில்லிங், லெப்டினன்டுக்குத் தொடக்கத்தில் 10 ஷில்லிங், கமாண்டருக்கு 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. ஆண்டுக்குக் கணக்கிட்டால் மிட்ஷிப்மனுக்கு 32 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு, லெப்டினன்டுக்கு 182½ பவுண்டு. இதிலிருந்து மெஸ் கட்டணம், சீருடை, வாள் எல்லாம் போக வேண்டும். வீட்டிலிருந்து வரும் 50 பவுண்டு ஏன் கட்டாயம் என்பது இப்போது புரியும்.

இதைவிடக் கொடுமை அரைச் சம்பளம். ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவில் வேலை இல்லாவிட்டால் முழுச் சம்பளமும் கிடையாது. கேப்டன்களே மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கடற்படை அதிகாரிகளுக்குத் திருமணப் படி 1938-இல்தான் வந்தது. தாமதத் திருமணங்களுக்கும் வசதியான மாமனார்களுக்கும் இதுவே காரணம். ஜெல்லிகோ கப்பல் நிறுவன அதிபரின் மகளை மணந்தபோது வயது 42. பீட்டியின் மனைவி சிக்காகோ வணிகர் மார்ஷல் ஃபீல்டின் மகள்.

கப்பலை இழந்தால் வேலை போய்விடுமா?

கப்பல் இழந்தால் விசாரணையோ கோர்ட் மார்ஷல் என்ற படை நீதிமன்றமோ வரும். அது தண்டனை அல்ல, நடைமுறை. கோர்ட் மார்ஷலில் அதிகாரியின் வாளை மேசைமேல் குறுக்காக வைப்பார்கள். தீர்ப்புக்காக அவர் திரும்ப உள்ளே வரும்போது வாள்முனை அவரைப் பார்த்திருந்தால் குற்றவாளி, பிடி அவர் பக்கம் இருந்தால் விடுதலை.

விடுதலை பெற்றும் வாழ்க்கை முடிந்த கதை எர்னஸ்ட் டிரவ்பிரிட்ஜுடையது. 1914 ஆகஸ்டில் ஜெர்மன் கப்பல் 'கோபெனை' நான்கு க்ரூசர்களோடு துரத்தியவர், எதிரியின் பீரங்கி பெரிது என்று கணித்துத் திரும்பிவிட்டார். நவம்பர் 5 முதல் 9 வரை போர்ட்லாண்டில் 'புல்வார்க்' கப்பலில் விசாரணை. குற்றமற்றவர் என்று தீர்ப்பு. அதன்பின் கடலில் ஒரு பொறுப்பும் தரவில்லை. ஆனால் வரிசை நகர்ந்தது: 1916-இல் வைஸ் அட்மிரல், 1919-இல் அட்மிரல். அவர் திரும்பியது சரி என்பவர்களும் உண்டு. அதே நவம்பர் 1 அன்று கொரோனெலில் வலுக்குறைந்த கப்பல்களோடு மோதிய கிறிஸ்டஃபர் க்ராடக், 1,500-க்கும் மேற்பட்டவர்களோடு மாண்டார்.

பணிப்பதிவேட்டில் 'விக்டரி', 'எக்ஸலன்ட்', 'பிரசிடென்ட்' என்று இருக்கிறது. இவை எந்தப் போரில் இருந்தன?

பெரும்பாலும் எந்தப் போரிலும் இல்லை. கரையில் இருப்பவரும் ஏதாவது ஒரு கப்பலின் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. 'எக்ஸலன்ட்' என்றால் வேல் தீவுப் பீரங்கிப் பள்ளி, 'வெர்னன்' டார்பிடோப் பள்ளி, 'டிரையட்' வழிகாட்டல் பள்ளி. 'விக்டரி' போர்ட்ஸ்மத், 'பெம்புரோக்' சாத்தம், 'விவிட்' டெவன்போர்ட் தளக் கணக்குகள். 'பிரசிடென்ட்' என்று வந்தால் லண்டனில், பெரும்பாலும் அட்மிரால்டி அலுவலகத்தில் மேசை வேலை.

கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவேடுகளைப் படிக்கும்போது முதலில் தேதிகளைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பணிமூப்புத் தேதி ஒன்று, அந்தப் பதவி கையில் கிடைத்த நாள் இன்னொன்று. முன்தேதியிட்டுத் தருவது வழக்கம் என்பதால் இரண்டும் பொருந்தாது. 'ஆக்டிங்' என்ற சொல் இருந்தால் அது நிரந்தரம் ஆகும் வரை வரிசையில் எண்ண வேண்டாம்.

இந்தக் கடற்படைக்கும் நம் பக்கத்துக்கும் என்ன தொடர்பு?

டிரெட்நாட் கப்பலுக்கும் மேலே சொன்ன ஆஸ்போர்ன் திட்டத்துக்கும் மூளையாக இருந்த ஜான் ஃபிஷர், 1841-இல் இலங்கை மலையகத்தில் இறம்பொடையில் பிறந்தவர். தகப்பனார் காப்பித் தோட்டக்காரர். ஃபிஷர் முதல் கடல் பிரபுவாக இருந்தபோது தொலைதூரத் தளங்களைக் குறைத்தார். அதில் திருகோணமலைத் தளமும் ஒன்று. பிறந்த நாடு என்ற சலுகையெல்லாம் கிடைக்கவில்லை.

எம்டனை 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே முடித்த 'சிட்னி' ஆஸ்திரேலியக் கப்பல். அதன் கேப்டன் ஜான் கிளாசப், ராயல் நேவியிலிருந்து இரவல் போனவர். எம்டன் என்ற சொல் தமிழில் தங்கிவிட்டது, கிளாசப் தங்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அட்மிரல் ஆனார் என்று போட்டிருக்கிறது. எப்படி?

கட்டாய ஓய்வு வயது லெப்டினன்டுக்கு 45, கமாண்டருக்கு 50, கேப்டனுக்கு 55. அந்த வயதை எட்டிய கேப்டனையோ, வரிசை வந்தும் அட்மிரலின் கொடி தரப் போதிய இடம் இல்லாத கேப்டனையோ ஓய்வுப் பட்டியலுக்கு மாற்றி, அங்கே ரியர் அட்மிரல் பட்டம் தருவார்கள். ஒருநாள்கூடக் கொடி ஏற்றாத இத்தகையவருக்கு 'மஞ்சள் அட்மிரல்' என்று பெயர். அதனால் ஒருவர் பெயருக்கு முன்னால் அட்மிரல் என்று இருந்தால், எந்த அணிக்குத் தலைமை தாங்கினார் என்று உடனே தேடுங்கள். விடை கிடைக்காவிட்டால் அது காலம் கொடுத்த பட்டம்.

போர் முடிந்ததும் நிலைமை மோசமானது. 1922-இல் 'கெடிஸ் கோடரி' என்று பெயர் பெற்ற செலவுக் குறைப்பில் முதலில் விருப்ப ஓய்வு, போதாதபோது கட்டாய ஓய்வு. ஜட்லாண்டில் நின்ற லெப்டினன்டுகளும் கமாண்டர்களும் முப்பதுகளிலேயே வெளியேறினார்கள். ஒருவரின் பதிவேடு 1922 வாக்கில் திடீரென்று நின்றுபோனால் குற்றம் எதையும் தேட வேண்டாம். பெரும்பாலும் இந்தக் கோடரிதான்.